இலவம்பஞ்சும் 34 மாட்யூலும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழித்துறைப் பாலம் தாண்டும்போது டேஷ்போர்டில் மஞ்சளும் சிவப்புமாக விளக்குகள் எரிந்தன. ஹைப்ரிட் சிஸ்டத்தைப் பார்க்கச் சொல்லி ஒரு எழுத்து. பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார் அது. யோசித்தால் அறிகுறி முன்பே இருந்திருக்கிறது. மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறினால் சார்ஜ் கட்டைகள் மடமடவென்று குறையும், இறங்கினால் அதே வேகத்தில் நிறையும். பின்சீட்டுப் பக்கம் ஃபேன் இரைச்சல் வேறு. ஏசி சத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2014 மாடல் கேம்ரி ஹைப்ரிட். அம்மாவை திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவென்றே பழைய வண்டியாக வாங்கினோம். கீமோ முடிந்து திரும்பும்போது பாலராமபுரம் நெரிசலில் வண்டி ஊர்ந்து ஊர்ந்து நிற்கும். எஞ்சின் அணைந்திருக்கும், ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கம்ப்ரசர் எஞ்சின் பெல்ட்டில் சுழல்வதில்லை, பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுவது. துளி அதிர்வு இருக்காது. குமட்டல் அடங்கி அம்மா நெய்யாற்றின்கரை வரை தூங்குவாள்.

அம்மா இப்போது இல்லை. வீட்டுக்காரர் மஸ்கட்டில். பள்ளிக்கூடம் போய்வர எனக்கு ஸ்கூட்டர் போதும். வண்டியை விற்றுவிடலாம் என்று ஓணத்துக்கு முன்பே பேசி முடித்திருந்தோம். அதற்குள் இந்த விளக்கு.

நாகர்கோவிலில் ஒரு பழைய கார் வியாபாரி பானட்டைக்கூடத் திறக்கவில்லை. "ஹைப்ரிட்டா? பேட்டரி போச்சுன்னா யாரு எடுப்பா டீச்சர்?" நாலரை லட்சம் என்றார். புது பேட்டரிக்கு விசாரித்தால், ஏறக்குறைய அதில் பாதி. "புதுசு மாட்டினா விலை ஏறும்லா?" என்றார் வீட்டுக்காரர் போனில். அதையும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் எழுபதாயிரம் கூட்டித் தருவேன் என்றார், இன்னொருவர் ஒரு லட்சம். அவர்கள் கணக்கும் தப்பில்லை. ஆர்.சி. 2029 வரைதான், பிறகு புதுப்பிக்க வேண்டும். புது பேட்டரியின் முழு ஆயுசுக்கும் இன்றைக்கே யார் காசு எண்ணிவைப்பார்கள்?

மார்த்தாண்டத்தில் எங்கள் வயரிங் கடை அண்ணன்தான் பொறுமையாகப் பார்த்தார். வண்டிக் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி செல்போனில் காட்டினார். பி0ஏ80 என்ற எரர், பெரிய பேட்டரியை மாற்றச் சொல்வது. அந்த பேட்டரி ஒரே கட்டி இல்லை. 7.2 வோல்ட் மாட்யூல் 34 வரிசையாகச் சேர்ந்து 244.8 வோல்ட். கம்ப்யூட்டர் அதை இரண்டிரண்டாக, 17 பிளாக்காகக் கவனிக்கிறது. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தோம். 16 பிளாக் ஒன்றுபோல நிற்க, ஒன்று மட்டும் ஒன்றரை வோல்ட் கீழே விழுந்தது.

"கெட்டதை மட்டும் மாத்தலாம் டீச்சர். ஆனா மத்தது எல்லாத்துக்கும் வயசாச்சு. ஆறு மாசத்துல அடுத்தது படுத்துரும்" என்றார். கடையில் நின்ற இன்னொருவர் குறுக்கே வந்து, எரரை அழித்துவிட்டு அன்று சாயங்காலமே கைமாற்றிவிடச் சொன்னார். அழித்தால் விளக்கு சில நாள் எரியாதாம். எனக்கு உடம்பு பதறிவிட்டது. வாங்குகிறவன் வீட்டிலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு அம்மா இருக்கலாம்.

அண்ணன் ரப்பர் கையுறை போட்டு, பேட்டரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, பத்து நிமிஷம் காத்திருந்து பின்சீட்டைக் கழற்றினார். சீட்டை ஒட்டி ஒரு சின்னக் காற்று ஜன்னல் உண்டு. வண்டிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை அதன் வழியாக இழுத்துத்தான் பேட்டரி சூடு ஆறும். அந்த வலையிலும் ஃபேன் இறக்கையிலும் வெள்ளையாக அப்பிக் கிடந்தது இலவம்பஞ்சு. அம்மாவுக்குச் சாய்ந்துகொள்ள நான் வைத்துக்கொடுத்த தலையணை. இரண்டு வருஷம் அது அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இது நிக்கல் பேட்டரி, சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரம் எழவில்லை.

பேட்டரி மாற்றவில்லை. ஃபேனைச் சுத்தம் செய்தோம், எரரை அப்படியே விட்டோம். 17 பிளாக்கின் அளவையும் புது பேட்டரிக்குச் சொன்ன விலையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, போனில் கேட்டவர்களிடம் முதலில் அதைத்தான் சொன்னேன். பாதிப்பேர் அதோடு வைத்துவிட்டார்கள்.

கருங்கல் பக்கம் சோலார் வேலை செய்கிற ஒரு பையன் வந்தான். தாளை வாங்கி இரண்டு தரம் படித்தான். பேச்சிப்பாறை ரோட்டில் அவனே ஓட்டி, அவன் கருவியில் அளவு பார்த்தான். எழுதியிருந்தது சரியாக வந்தது. பேட்டரி செட்டை முழுசாக அவனே மாற்றிக்கொள்வானாம். ஐந்து லட்சத்துக்கு முடிந்தது, வியாபாரி கேட்டதைவிட ஐம்பதாயிரம் கூட.

வண்டியை அவன் பேருக்கு மாற்ற 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். சாவியைக் கொடுக்குமுன் பின்கதவைத் திறந்து அந்த ஜன்னலைக் காட்டினேன். "இதுமேல மட்டும் எதையும் வச்சிராத மக்கா."