மாட்டுக்கொட்டில் வரை

கனடாவில், ஒன்ராறியோவின் வாட்டர்லூப் பகுதியில் வீடு வீடாகச் சென்று நோயாளரைப் பராமரிக்கும் தாதியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். இனிக் குணப்படுத்த வழியில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று மருத்துவமனை அனுப்பிவிட்டவர்களே பெரும்பாலும் என் பொறுப்பில் இருந்தார்கள். ஒரு சனவரி மாதம் கைக்கு வந்த கோப்பில் இருந்தவை இவ்வளவுதான்: வயது 81, பால்பண்ணை விவசாயி, கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவியிருக்கிறது, பழைய ஒழுங்கு மெனோனைட் (நவீன வசதிகள் பலவற்றை விலக்கி வாழும் கிறிஸ்தவச் சபையினர்), வலி பத்தில் இரண்டு. அந்த இரண்டை நம்பியதுதான் நான் செய்த பிழை.

எல்மைராவுக்கு மேற்கே போகும் சாலைகளில், பின்புறம் செம்மஞ்சள் முக்கோணம் மாட்டிய கறுப்புக் குதிரை வண்டிகள் சரளைக்கல் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். மார்ட்டின், பாவ்மன், வெபர், ஃப்ரே என்று சில குடும்பப் பெயர்களே அங்கே திரும்பத் திரும்ப வருவதால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வீடு தேடினால் வேறொருவருடைய வாசலில் போய் நிற்க வேண்டிவரும். மெனோனைட் என்றதும் நம்மவர்கள் பலர் ஆமிஷ் மக்களை நினைத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கும் இருட்டுமான ஒரு வீட்டைக் கற்பனை செய்கிறார்கள். நான் போன வீட்டில் மின்சாரம் இருந்தது. சுவரில் தொலைபேசி இருந்தது. வயலில் டிராக்டர் ஓடியது. கார், தொலைக்காட்சி, வானொலி, கணினி ஆகியவை இல்லை. எதை உள்ளே விடலாம் என்பதைச் சபை கூடித் தீர்மானிக்கும் என்றும், ஒரு பொருள் பழையதா புதியதா என்று பார்ப்பதைவிட அது மனிதரை அயலவரிடமிருந்து பிரித்துவிடுமா என்றே தாங்கள் பார்ப்பதாகவும் பெரியவர் எனக்கு விளக்கினார். அவரை இங்கே பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன்.

அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவிலிருந்து மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் கிராண்ட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு வந்தவர்கள். 1805இல் மெனோனைட் விவசாயிகள் ஒன்றுசேர்ந்து அங்கே 60,000 ஏக்கர் வாங்கினார்கள். அந்த நிலம் அதற்கு முன் ஆறு தேசங்கள் என்னும் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. இன்னும் பின்னோக்கிப் போனால் 1525இல் சூரிச் நகரில், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை மறுத்து, அறிவு தெரிந்த வயதில் தாமாக விரும்பிப் பெற்றுக்கொண்டவர்களில் போய் முடியும். அதற்காக அவர்களில் பலர் எரிக்கப்பட்டார்கள், ஆற்றில் அமிழ்த்தப்பட்டார்கள். இந்த ஐந்நூறு ஆண்டுக் கதையை அவர் ஏதோ அடுத்த காணிக்காரருக்கு நடந்ததைப் போலச் சொல்வார்.

பெரிய வீட்டோடு ஒட்டிக் கட்டிய சின்ன வீட்டில் அவரும் மனைவியும் இருந்தார்கள். அதை டோடி ஹவுஸ் என்பார்கள். அவர்கள் பேசும் பென்சில்வேனிய ஜெர்மனில் டோடி என்றால் தாத்தா. பண்ணையைக் கடைசி மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பெற்றோர் அந்தப் பக்கத்துக்கு நகர்வது வழக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு, அது பகலில் பூட்டப்பட்டு நான் பார்த்ததில்லை. பேரப்பிள்ளைகள் வருவதும் போவதுமாக இருக்கும். ஒன்பது பிள்ளைகள், பேரப்பிள்ளைகளின் தொகையைக் கேட்டபோது கணவனும் மனைவியும் வேறு வேறு எண்ணைச் சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அரசாங்க ஓய்வூதியத்தை அவர் வாங்கவில்லை. எங்கள் நிறுவனத்துக்கான கட்டணத்தைச் சபையின் பொது நிதியிலிருந்து டீக்கன் (சபைப் பணியாளர்) ஒருவர் காசோலையாகக் கொடுத்துவந்தார்.

முதல் மூன்று வாரமும் வேலை இலகுவாக இருந்தது. வலி எத்தனை என்று கேட்பேன். அவர் கொஞ்சம் யோசித்து இரண்டு என்பார், சில நாள் மூன்று என்பார். வலி கூடினால் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருந்த மோர்ஃபின் மாத்திரைகளை எண்ணிப் பார்ப்பேன். ஒன்றோ இரண்டோதான் குறைந்திருக்கும். எண்ணும் பொருந்துகிறது, மாத்திரையும் பொருந்துகிறது என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி இரு கைகளையும் தொடைமேல் வைத்திருப்பார். அந்தக் கைகளின் விரல் கணுக்கள் வெளுத்திருந்ததை நான் பார்த்தேன், ஆனால் பார்த்ததை எங்கும் எழுதவில்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் ஓர் இரவு பதினொரு மணிக்கு அவருடைய மனைவி என்னை அழைத்தார். விதிப்படி கொடுக்கக் கூடாத என் கைப்பேசி இலக்கத்தை நானே கொடுத்திருந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது பெரியவர் கட்டில் விளிம்பில் குனிந்து, தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்தியபடி இருந்தார். அப்போதும் எண்ணைக் கேட்டேன். "நான்கு இருக்கலாம்" என்றார். அந்த அம்மா எதுவும் பேசாமல் அலமாரியிலிருந்து ஒரு கோடு போட்ட கொப்பியை எடுத்துவந்து விளக்கடியில் விரித்தார். திருமணமான நாளிலிருந்து தினமும் எழுதிவரும் நாட்குறிப்பு வரிசையில் அது கடைசி. முதலில் வெப்பநிலை, பிறகு காற்று, பிறகு வீட்டில் நடந்தது, எல்லாம் இரண்டு மூன்று வரிக்குள். சனவரி 19: கொட்டிலுக்குப் போய்ப் பால் கறப்பதைப் பார்த்தார். சனவரி 24: கொட்டில் கதவு வரை போய்த் திரும்பினார். சனவரி 29: வாசல் வரை. பெப்ரவரி 1: போகவில்லை, இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். நான் மூன்று வாரம் எண் கேட்டுத் தெரிந்துகொள்ளாததை அவர் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்.

ஊசி போட்டு, பெரியவர் சரிந்து படுத்து உறங்கியபோது மணி ஒன்று கடந்திருந்தது. மறுநாள் மருத்துவரோடு பேசித் தோலுக்கடியில் மோர்ஃபின் தொடர்ந்து செல்லும் சிறு பம்பைப் பொருத்தினோம். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. அவர் ஏன் மறைத்தார் என்று பிறகு பலமுறை யோசித்தேன். இறைவனுடைய சித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தல் அவர்களுடைய வாழ்வின் அச்சாணி என்பது உண்மைதான். முறையிடுவது அந்த ஒப்புக்கொடுத்தலைத் திரும்பப் பெறுவதாகும் என்று அவர் கருதியிருக்கலாம். ஆனாலும் எல்லாவற்றையும் மதத்தின் தலையில் கட்டிவிட எனக்கு விருப்பமில்லை. யாழ்ப்பாணத்துச் சங்கானையில் புகையிலைத் தோட்டம் செய்த என் அம்மப்பாவும் வலி என்று வாயால் சொன்னதில்லை. அவர் கோயிலுக்குப் போனதே வருடத்தில் இரண்டு முறைதான். உடலை வேலைக்கான கருவியாக அறிந்தவரிடம், அதில் எத்தனை வீதம் நோகிறது என்று கேட்டது என் கேள்வியின் குறை.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றினேன். "இன்று எதுவரை நடந்தீர்கள்?" என்று கேட்டால் உடனே, சரியாகப் பதில் வரும். பம்ப் பொருத்திய நான்காம் நாள் கொட்டில் வரை போனார். அது நம் ஊரில் நான்கு கால் நட்டு ஓலை வேய்ந்த கொட்டிலைப் போன்றதன்று. கீழே கருங்கல் சுவருக்குள் மாடுகளும் மேலே மரக் கட்டடத்துக்குள் வைக்கோலுமாக இரண்டு தட்டு உயரத்துக்கு நிற்கும். ஆனால் உள்ளே நுழைந்ததும் எழும் சாணமும் பாலும் சூடான மூச்சும் கலந்த அந்த மணம் சங்கானை மணமேதான். ஒரு ஹோல்ஸ்டீன் பசுவின் இடுப்பெலும்பில் கையை ஊன்றிக்கொண்டு, இந்த மடியில் பின்காம்பு கொஞ்சம் கடினமாக இருக்கிறது, பாருங்கள் என்று என்னிடம் காட்டினார். ஓய்வெடுக்கச் சொல்லிக் கூப்பிட வந்த நான் அவரோடு சேர்ந்து காம்பைத் தடவிப் பார்த்தேன்.

மார்ச் மாதத்தில், இரவில் உறைந்து பகலில் உருகும் காலம் தொடங்கியதும், காணியின் பின்புறத்து மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கியது. ஒரு லீட்டர் பாணிக்கு ஏறத்தாழ 40 லீட்டர் சாறு காய்ச்ச வேண்டும். சாற்றில் இனிப்பு நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுதான். எங்கள் ஊரில் பனையிலிருந்து கருப்பநீர் இறக்கிக் காய்ச்சிப் பனங்கட்டி செய்வோம் என்று சொன்னதும் அவருக்கு ஆர்வம் பொங்கியது. பாளையைச் சீவும் விதம், ஏறும் விதம், முட்டி கட்டும் விதம் என ஒவ்வொன்றாகக் கேட்டார். முட்டிக்குள் ஏன் சுண்ணாம்பு பூச வேண்டும் என்றார். பூசாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் கள்ளாகிவிடும் என்றேன். "அப்படியானால் சில பேர் பூச மறந்துவிடுவார்கள்" என்று சொல்லிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

போரைப் பற்றியும் ஒருநாள் பேச்சு வந்தது. இரண்டாம் உலகப் போரில் கனடாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆயுதம் எடுக்க மறுத்து மாற்று வேலைக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மெனோனைட்கள். 1941இல் சுப்பீரியர் ஏரிக்கரையில் மொன்ட்ரியல் ரிவர் என்னும் இடத்தில் சாலை வெட்டும் முகாமுக்கு அவருடைய மூத்த அண்ணனும் அனுப்பப்பட்டார். அப்போது தமக்கு எட்டு வயது என்றும், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் கோழை வீட்டுப் பையன் என்று அழைத்தார்கள் என்றும் சொன்னார். வீட்டுக்குள் வந்து அடித்தாலுமா கை ஓங்க மாட்டீர்கள் என்று சற்றுக் கோபமாகவே கேட்டேன். 1569இல் ஒல்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி உறைந்த நீரைக் கடந்து ஓடினார்; துரத்தி வந்தவன் பனிக்கட்டி உடைந்து விழுந்தபோது திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார்; அதனாலேயே பிடிபட்டு எரிக்கப்பட்டார். இதைத்தான் பதிலாகச் சொன்னார். எனக்கு அது பதிலாகப் படவில்லை, இன்றைக்கும் படவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்தின் வலிகாமம் முழுவதும் போருக்கு அஞ்சி எழும்பி நடந்ததையும், மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்க நெடுநேரம் நின்றதையும் அவருக்குச் சொன்னேன். அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாடுகளை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அவிழ்த்துவிட்டுப் போனோம் என்றேன். "கறவை மாடா?" என்றார். ஓமென்றேன். கண்ணை மூடிக்கொண்டார். அந்த இரவைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறேன். கறக்க ஆளில்லாமல் மடி கட்டி நின்றிருக்கக்கூடிய அந்த இரண்டு பசுக்களை விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு தூரம் குறையத் தொடங்கியது. கொட்டில் போய், வாசல் போய், ஜன்னலோர நாற்காலி மட்டும் மிஞ்சியது. இரவில் அங்கிருந்து பார்த்தால் பாணி காய்ச்சும் குடிலின் வெளிச்சமும் கூரைவழியே எழும் ஆவியும் தெரியும். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுங்கள் என்று சொன்னேன். மகன்கள் உடனே செய்தார்கள். அந்த வாரத்தில் அவர் வாய்திறந்து வலி சொன்னது ஒரே முறை. ஏழு என்றார், நான் கேட்காமலே.

மார்ச் கடைசியில் ஒரு விடியற்காலை மகன் அழைத்தபோது நாலு மணியாகவில்லை. மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தது. முழங்கால்களில் நீலம் படர்ந்திருந்தது. அறை நிறையப் பிள்ளைகளும் மருமக்களும் நின்றார்கள். யாரோ ஒரு ஜெர்மன் பாட்டை மெல்லத் தொடங்க, மற்றவர்கள் ஒரே சுருதியில் இழுத்து இழுத்துப் பாடினார்கள். 4.40க்கு மூச்சு அடங்கியது. இதயத்தைக் கேட்டு, கண்மணியில் வெளிச்சம் காட்டி, நேரத்தைச் சொன்னேன். ஒருவரும் கத்தி அழவில்லை. அந்த அம்மா கையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். நம் வீட்டு ஒப்பாரிக்குப் பழகிய எனக்கு அந்த அமைதி தொண்டையை அடைத்தது. ஐந்து மணிக்குக் கடைசி மகன் பால் கறப்பதற்காக எழுந்து போனான். போனவன் உடனே திரும்பி வந்தான். அயல் பண்ணையாட்கள் இருவர் ஏற்கனவே கொட்டிலில் கறந்துகொண்டிருந்தார்கள். மூன்று நாளைக்கு அந்த வீட்டார் மாட்டைத் தொட வேண்டியிருக்கவில்லை.

இறுதிச் சடங்குக்குப் போனேன். கோபுரமோ சிலுவையோ இல்லாத வெள்ளை மரக் கூட்ட மண்டபம். வெளியே வரிசை வரிசையாகக் குதிரைகள். உள்ளே ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிரசங்கம் புரியவில்லை. இறந்தவரைப் புகழ்ந்து எதுவும் பேசவில்லை என்று பக்கத்திலிருந்த பெண் பின்னர் சொன்னார், அது வழக்கமில்லையாம். அலங்காரமற்ற மரப்பெட்டியை இறக்கிய பிறகு அயலவர்கள் மண்வெட்டியை மாறி மாறி வாங்கிக் குழியை மூடினார்கள். எங்கள் வழக்கத்தில் பெண்கள் படலையோடு நின்றுவிடுவதால், என் சொந்தத் தகப்பனுக்குக்கூட நான் பார்த்திராத காட்சி அது. முதல் மண் பெட்டிமேல் விழும் ஓசையை அன்றுதான் கேட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பம்பையும் மீதி மருந்தையும் எடுத்துவரப் போனபோது டீக்கனும் அங்கே இருந்தார். மேசையில் எங்கள் நிறுவனத்தின் பற்றுச்சீட்டுகளும், பக்கத்தில் அந்த நாட்குறிப்பும் திறந்திருந்தன. "பெப்ரவரி இரண்டாம் திகதி இரவு நீங்கள் வந்ததாக இதில் எழுதியிருக்கிறது, சீட்டில் இல்லை" என்றார். அது என் கவனக்குறைவால் வந்த இரவு, அதனால் கணக்கில் எழுதவில்லை என்று சொன்னேன். அவர் சற்று யோசித்தார். "எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள்?" என்று கேட்டார். அந்த அம்மா விரலை வைத்து வரியைக் காட்டினார்: வந்தது 11.35, போனது 1.20, பனி, சைபருக்குக் கீழே பதினான்கு. டீக்கன் கணக்குப் பார்த்து அதையும் சேர்த்துக் காசோலை எழுதினார். கூடுதலாக வந்த அந்தப் பணம் எதற்கு என்று அலுவலகத்தில் கேட்டார்கள். தாமதப் பதிவுப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தேன். அதில் வலி அளவுக்கென்று இருந்த கட்டத்தில் "வாசல் வரையும் போக முடியவில்லை" என்று எழுதினேன். எண் இல்லை என்று படிவம் திரும்பி வந்தது.