ஐடிஐ படிப்பும் ஆஸ்திரேலிய பி.ஆரும்

டிகிரி இல்லாமல் ஆஸ்திரேலியாவில் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கிடைக்குமா என்று கேட்கிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பழைய பட்டறையில் சம்பளத்தைக் கையில் வாங்கினாயா, பேங்கில் வாங்கினாயா?

நான் படித்தது ஐடிஐ, டீசல் மெக்கானிக். நாமக்கல் லாரிப் பட்டறைகளில் கை பழகி, பிறகு மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் இருந்தேன். 2022இல் குயின்ஸ்லாந்தின் டூவும்பாவில் உள்ள லாரி ஒர்க்‌ஷாப் ஒன்று 482 விசாவில், அதாவது முதலாளி ஸ்பான்சர் செய்யும் தற்காலிக வேலை விசாவில், எடுத்தது.

அதற்கு முன் தொழில் திறன் மதிப்பீடு உண்டு. டிகிரிக்காரர் சான்றிதழை நீட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். நமக்கு அனுபவம்தான் சான்றிதழ், அதற்குத் தாள் வேண்டும். என்ன வேலை செய்தாய், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கடிதத்தில் இருக்க வேண்டும். கூடவே சம்பளச் சீட்டும் பேங்க் ஸ்டேட்மென்டும் கேட்பார்கள். நாமக்கல்லில் சனிக்கிழமை சாயங்காலம் கையில் எண்ணிக் கொடுத்த கூலிக்கு எங்கே போவது? நான் உண்மையில் தொழில் கற்ற வருடங்கள் கணக்கிலேயே வரவில்லை. மஸ்கட் சம்பளம் பேங்கில் விழுந்ததால் பிழைத்தேன்.

அப்புறம் வீடியோவில் நேர்காணல். இங்கிலீஷ் தடுமாறினாலும் பொறுத்துக்கொண்டார்கள், பாதுகாப்பு விஷயத்தில்தான் விடவில்லை. பிரேக் சேம்பரைக் கழற்றச் சொன்னால் முதலில் என்ன செய்வாய் என்றார் ஒருவர். சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன், கேஜிங் போல்ட் போட்டு உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை அடக்குவேன், அதற்குப் பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவேன் என்றேன். அந்த ஸ்பிரிங் தெறித்தால் ஆளே போய்விடுவான். ஊரில் போல்ட் போடாமல் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

பி.ஆருக்கு 186 விசா, இதுவும் முதலாளி வழியாக வருவதுதான். ஒரே முதலாளியிடம் மூன்று வருடம் இருக்க வேண்டும் என்றிருந்த விதி 2023 நவம்பரில் இரண்டு வருடமாகக் குறைந்தது, எனக்கு நல்ல காலம். விண்ணப்பம் நம் கையில் பாதி, முதலாளி கையில் பாதி. இந்த வேலைக்கு இந்த ஆள்தான் வேண்டும் என்று அவர் நாமினேஷன் போட வேண்டும், அதோடு பயிற்சி நிதிக்கு 3,000 டாலர் கட்ட வேண்டும். ஆண்டு வரவு ஒரு கோடி டாலரைத் தாண்டும் கம்பெனி என்றால் 5,000. இந்த நிதியைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. ஸ்பான்சர் செய்வதற்கே காசு கேட்பதும் குற்றம். ‘ஸ்பான்சர் வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்’ என்று நம் ஆட்களிலேயே ஒருவர் என்னிடம் பேரம் பேசினார். போனை வைத்துவிட்டேன்.

சம்பளத்தில் ஒரு சிக்கல். ஸ்பான்சர் செய்யும் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் 2024 ஜூலையில் ஆண்டுக்கு 73,150 டாலராக உயர்ந்தது. சூப்பர் தொகை, அதாவது முதலாளி கட்டும் ஓய்வுகால நிதி, இதில் சேராது. என் சம்பளம் அதற்குக் கீழே இருந்தது. முதலாளி கணக்குப்பிள்ளையோடு உட்கார்ந்து முகத்தைச் சுளித்து, கடைசியில் உயர்த்தினார். புது டீசல் மெக்கானிக்கை அந்த ஊரில் தேடிப் பிடிப்பது அதைவிடச் செலவு என்று அவருக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் அலைச்சல்தான்: ஐஇஎல்டிஎஸ் இங்கிலீஷ் தேர்வில் நான்கு பகுதியிலும் 6, மருத்துவப் பரிசோதனை, இந்தியா, ஓமன், ஆஸ்திரேலியா மூன்று இடத்துப் போலீஸ் சான்றிதழ். வயது 45-ஐத் தொடுமுன் விண்ணப்பித்தாக வேண்டும். காத்திருந்த காலத்தில் வேலையை விடவும் முடியாது. அந்த வேலைக்குத்தானே நாமினேஷன்.

மனைவியையும் மகனையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்திருந்ததால் மூவருக்கும் பி.ஆர். ஒன்றாகவே வந்தது. கொஞ்ச நாளில் வேறொரு ஒர்க்‌ஷாப் அதிகச் சம்பளத்துக்குக் கூப்பிட்டது. இந்த வேலை இன்னும் இரண்டு வருடமாவது இருக்கும் என்று முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதுவரை இங்கேயே இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அதன் பிறகு சம்பளம் பேசலாம்.