மூன்று சாலைகள் சேர்ந்த ஒரு சாலை

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். சொந்த ஊர் வாணியம்பாடிக்குப் பக்கத்தில் என்பதால், இந்த முனையில் வேலை பார்த்தபோதும் அந்த முனையில் வேலை பார்த்தபோதும் பொங்கலுக்கு ஊர் திரும்ப இந்தச் சாலையைத்தான் பிடித்தாக வேண்டியிருந்தது. சுமார் 345 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வழிக்கு இன்று தேசிய நெடுஞ்சாலை 48 என்று பெயர். டெல்லியில் தொடங்கி ஜெய்ப்பூர், அகமதாபாத், மும்பை, புனே, பெங்களூர் வழியாகச் சென்னையில் முடியும் ஒரு மிக நீண்ட சாலையின் கடைசித் துண்டு இது. ஆனால் எண் ஒன்றாக இருப்பதால் சாலையும் ஒன்றாகப் பிறந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளுக்காக உருவான மூன்று சாலைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்ததுதான் நாம் இன்று ஒரே மூச்சில் கடந்துபோகும் பெங்களூர் நெடுஞ்சாலை.

பழைய எண்களைச் சொன்னால் இது விளங்கும். சென்னையிலிருந்து வாலாஜாபேட்டை வரை தேசிய நெடுஞ்சாலை 4. அங்கிருந்து வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகக் கிருஷ்ணகிரி வரை தேசிய நெடுஞ்சாலை 46. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூர் வரை தேசிய நெடுஞ்சாலை 7. அது வாரணாசியிலிருந்து கன்னியாகுமரிக்கு இறங்கும் பெருஞ்சாலையின் ஒரு பகுதி. 2010ஆம் ஆண்டு நாடு முழுவதும் நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் தரப்பட்டன. வடக்குத் தெற்காகச் செல்லும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண், கிழக்கு மேற்காகச் செல்பவற்றுக்கு ஒற்றைப்படை எண் என்ற முறை அப்போது வந்தது. மூன்று துண்டுகளும் 48 என்ற எண்ணுக்குள் அடங்கின. கிருஷ்ணகிரி–பெங்களூர்ப் பகுதி மட்டும் 44 என்ற எண்ணையும் சேர்த்துச் சுமக்கிறது. எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் நாவில் இன்னும் பழைய எண்களே புழங்குகின்றன.

அப்படியானால் பழைய தேசிய நெடுஞ்சாலை 4 வாலாஜாபேட்டைக்குப் பிறகு எங்கே போயிற்று? இராணிப்பேட்டையிலிருந்து வடமேற்கே திரும்பிச் சித்தூருக்குப் போய், மொகிலிக் கணவாயில் ஏறி, பலமநேர், முல்பாகல், கோலார் வழியாகப் பெங்களூரை அடைந்தது. அதாவது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை என்று எண்ணிட்டு வைத்திருந்த சாலை எங்கள் வாணியம்பாடியைத் தொடவே இல்லை. ஆந்திரத்தின் வழியாக மூன்று மாநிலங்களைக் கடந்தது. சித்தூர் 1953 வரை சென்னை மாகாணத்தோடுதான் இருந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்; அந்தச் சாலை உருவான காலத்தில் அதன் மேல் கோடு போட்டிருந்தது மைசூர் எல்லை ஒன்று மட்டுமே.

கடற்கரைச் சமவெளியிலிருந்து மூவாயிரம் அடி உயரத்திலிருக்கும் மைசூர்ப் பீடபூமிக்கு ஏற வழி இரண்டு. ஒன்று சித்தூர் வழி, மற்றொன்று பாலாற்றங்கரை வழியாக ஆம்பூர், கிருஷ்ணகிரி என்று போய் ஏறும் பாராமகால் வழி (கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக்கு அன்று பாராமகால் என்று பெயர்). இந்த இரண்டில் எது என்ற கேள்வி தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் மூத்தது. 1791 பிப்ரவரியில் கிழக்கிந்தியக் கும்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் பெங்களூரைப் பிடிக்கப் படையோடு புறப்பட்டபோது, அவர் ஆம்பூர்ப் பக்கமாகத்தான் வருவார் என்று திப்பு சுல்தான் எதிர்பார்த்தார். அந்த எண்ணத்தை வலுப்படுத்தும்படி ஆம்பூர் நோக்கிப் படையை நகர்த்துவதுபோல் காட்டிவிட்டு, காரன்வாலிஸ் சட்டென்று வடக்கே திரும்பிச் சித்தூர் வழியாக மொகிலிக் கணவாயில் ஏறிவிட்டார். மார்ச் மாதத்தில் பெங்களூர்க் கோட்டை வீழ்ந்தது. அடுத்த ஆண்டு உடன்படிக்கையில் பாராமகாலும் கும்பெனியின் கைக்குப் போனது. இந்தச் சாலையின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு தராசு மறுபக்கம் சாய்ந்தது. 1999 ஜனவரியில் பிரதமர் வாஜ்பாய் அடிக்கல் நாட்டிய தங்க நாற்கரச் சாலைத் திட்டம், டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களை 5,846 கிலோமீட்டர் சாலையால் இணைத்தது. அதில் சென்னை–மும்பைக் கரத்தைப் பெங்களூருக்கும் வாலாஜாபேட்டைக்கும் இடையே சித்தூர் வழியாக அமைக்காமல், கிருஷ்ணகிரி வழியாகத் திருப்பினார்கள். பெங்களூர்–கிருஷ்ணகிரித் துண்டு, ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் வடக்குத் தெற்குப் பெருவழித் திட்டத்துக்கும் பொதுவானது. அதை ஒருமுறை அகலப்படுத்தினால் இரண்டு திட்டங்களுக்கும் பயன்படும். அந்தத் திருப்பம்தான் எங்கள் பகுதியின் தலையெழுத்தை மாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். என் தாய்மாமன் அந்தக் காலத்தில் தோல் சுமை ஏற்றி லாரி ஓட்டியவர். "மாப்ளே, அப்பல்லாம் வேலூர் டவுனுக்குள்ள நுழைஞ்சா வெளிய வர்றதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டுடலாம்" என்பார். புறவழிச்சாலைகள் வந்த பிறகு அவர் அந்த ஊர்களை மேம்பாலத்தின் மேலிருந்து மட்டுமே பார்த்தார்.

சென்னையிலிருந்து புறப்படுகிறவர் பூந்தமல்லியைத் தாண்டியதும் கார்த் தொழிற்சாலைகளும் அவற்றின் உதிரிபாகக் கிடங்குகளும் தொடங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டை, இராமாநுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், அங்கே சாலையோரத்திலேயே ராஜீவ் காந்தி நினைவிடம், பிறகு நெமிலிச் சுங்கச்சாவடி. அதற்கு அப்பால் வரும் பெயர்ப் பலகைகளைக் கவனிக்க வேண்டும்: சுங்குவார்சத்திரம், பாலுசெட்டிசத்திரம். வண்டி கட்டிப் போனவர்களும் காஞ்சிக்கு நடந்து போனவர்களும் இரவு தங்கிய சத்திரங்கள் ஊர்ப்பெயராக மட்டும் எஞ்சியிருக்கின்றன. நான்குவழிச் சாலையாவதற்கு முன் இந்தப் பகுதியில் இருபுறமும் புளியமரங்கள் நின்றன. இடுப்பளவு உயரத்தில் வெள்ளைப் பட்டை அடித்து, அதன் மேல் கறுப்பில் எண் எழுதியிருப்பார்கள். இரவில் முகப்பு விளக்கு பட்டதும் அந்த எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்து பின்னால் மறையும். பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து அவற்றை எண்ணிக்கொண்டே தூங்கிப்போன சிறுவர்களில் நானும் ஒருவன். சாலை அகலமானபோது அவை போயின. அது தேவையான வேலைதான் என்று தெரிந்தும், அந்த நிழலுக்கு ஈடாக நடுத்திட்டில் வைத்த அரளிச் செடிகளை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாலாஜாபேட்டைதான் இந்த வழியின் முடிச்சு. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்ததும் இங்குள்ள வாலாஜா ரோடு நிலையத்துக்குத்தான். பிறகு ரயில்பாதை ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை வழியாகத் தனக்கென ஒரு மூன்றாவது வழியில் பீடபூமிக்கு ஏறியது. பழைய நான்காம் எண் சாலையும் நாற்பத்தாறாம் எண் சாலையும் பிரிந்த இடமும் இந்தப் பக்கம்தான்.

அங்கே பாலாற்றைக் கடந்த பிறகு, வாணியம்பாடி வரை ஆறு வலப்பக்கமும் ஜவ்வாது மலை இடப்பக்கமுமாகக் கூடவே வரும். ஆண்டின் பெரும்பகுதியில் அது வெறும் மணல். 2021 நவம்பரில் மட்டும் கரை புரண்டு ஓடியதைக் காண மக்கள் பாலங்களில் கூடி நின்றார்கள். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி மூன்றும் தோல் பதனிடும் ஊர்கள். தோலும் காலணியும் சென்னைத் துறைமுகத்துக்குப் போவது இந்தச் சாலையில். அதே தொழிற்சாலைகளின் கழிவு போனது பாலாற்றில். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக நிலைநிறுத்தியது. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர் எவரும் தவறாமல் படிக்கும் அந்தத் தீர்ப்பு, ஆம்பூர் பிரியாணிக் கடைகளில் வண்டியை நிறுத்துகிறவர்களின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஓடும், ஓடாத ஓர் ஆற்றைப் பற்றியது.

இனிச் சுங்கத்துக்கு வருகிறேன். நெமிலி, சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடிக்கு அருகில் நெக்குந்தி, கிருஷ்ணகிரி, கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி என்று வரிசையாகச் சாவடிகள் நிற்கின்றன. சாலை துண்டு துண்டாக ஒப்பந்தம் விடப்பட்டு அகலப்படுத்தப்பட்டதால் வசூலும் துண்டு துண்டாகவே நடக்கிறது. கட்டணத்துக்கு அடிப்படை 2008ஆம் ஆண்டு விதிகள். நான்குவழி அல்லது அதற்கு மேற்பட்ட சாலையில் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்று 2007-08ஆம் ஆண்டுக்கு வகுத்தார்கள். அதாவது 60 கிலோமீட்டருக்கு 39 ரூபாய். அதன் மேல் ஆண்டுதோறும் 3 விழுக்காடும், மொத்த விலைக் குறியீடு உயர்ந்த அளவில் 40 விழுக்காடும் சேரும். வரும் தொகையை ஐந்து ரூபாய்க்கு முழுமையாக்குவார்கள். ஒரு சாவடியில் கட்டணம் இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்று திடீரென ஐந்து ரூபாய் ஏறுவது இதனால்தான். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒன்றரை மடங்குதான் என்பதும், 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்தக் காருக்கு மலிவான மாத அட்டை உண்டு என்பதும் எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. முன்கண்ணாடியில் ஒட்டும் அந்த வில்லைக்குள் மின்கலம் கிடையாது. தடத்தின் மேல் தொங்கும் ஆன்டெனா அனுப்பும் அலையின் ஆற்றலைக் கொண்டே அது விழித்து, தன் எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. ஒருமுறை ஒரு சாவடியில் என் வில்லை படிக்கப்படவில்லை. பின்னால் லாரி ஒலியெழுப்ப, கையடக்கக் கருவியோடு வந்த இளைஞர் மூன்று முறை முயன்று கைவிரித்தார். கணக்கில் பணமிருந்தும் இரட்டைக் கட்டணம் செலுத்தினேன். கருவி பழுதானால் பயணியிடம் பணம் வாங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

கட்டணம் செலுத்துகிறவருக்குக் கேட்கும் உரிமை உண்டு என்பதை 2020 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. மதுரவாயல்–வாலாஜாபேட்டைப் பகுதி பழுதடைந்து கிடந்ததால், அதைச் சீரமைக்கும் வரை நெமிலியிலும் சென்னசமுத்திரத்திலும் பாதிக் கட்டணமே வாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஒரு பெயர் நிலைத்தது, சுங்கம் எவ்வளவு ஆழமாக மக்கள் மனத்தில் உறைக்கும் என்பதற்குச் சான்று. நான் சுங்கமே கூடாது என்பவன் அல்லன்; குண்டும் குழியுமான சாலைக்கும் செம்மையான சாலைக்கும் ஒரே கணக்கு கூடாது என்பவன்.

வாணியம்பாடியிலிருந்து நாட்றம்பள்ளி, பர்கூர் வழியாக மாந்தோப்புகளுக்கிடையே கிருஷ்ணகிரி. அங்கிருந்து மேலுமலை ஏற்றம், சூளகிரி, ஓசூர். ஏறும்போது லாரிகள் ஊர்ந்து போவதும், இறங்கும்போது சூடான பிரேக்கின் வாடை காற்றில் கலப்பதும் இங்கே எப்போதும் உள்ளவை. ஓசூருக்கு வந்ததும் சன்னலைத் திறந்தால் காற்று குளிர்ந்திருக்கும். எல்லையில் ஒரு காலத்தில் வரிச் சோதனைக்காக லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு அந்த வரிசை மறைந்தது. 2010இல் திறந்த எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலச் சாலை சுமார் பத்துக் கிலோமீட்டரைக் காற்றில் கடத்திப் பட்டுவாரியச் சந்திப்பில் இறக்கிவிடும். அதில் ஏறும் இருசக்கர வாகனங்களும் கட்டணம் செலுத்த வேண்டும்.

இப்போது தராசு மீண்டும் வடக்கே சாய்கிறது. 2022 மே மாதம் பிரதமர் மோடி சென்னையில் அடிக்கல் நாட்டிய பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை, ஒசகோட்டையில் தொடங்கி, கோலார் தங்கவயல், பலமநேர், சித்தூர், இராணிப்பேட்டை வழியாகச் சுமார் 260 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூரை அடையும். மொகிலிப் பக்கமாகக் காரன்வாலிஸ் ஏறிய அதே திசை. பழைய நான்காம் எண் சாலையின் அதே மூன்று மாநிலங்கள். கர்நாடகப் பகுதியைத் திறந்துவிட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் போனேன். பேத்தமங்கலம் பக்கம் விரைவுச்சாலை முடிந்து, காரை இறக்கி, வி.கோட்டா வழியாகப் பலமநேர் சேர்ந்து, மொகிலிக் கணவாயின் வளைவுகளில் மெதுவாக இறங்கினேன். சித்தூருக்கு முன்பாகச் சாலையோரத்தில் சில முதிய புளியமரங்கள் இன்னும் நின்றிருந்தன. ஒன்றின் அடியில் நிறுத்திப் பார்த்தேன். வெள்ளைப் பட்டை உரிந்து, பட்டைக்கு மேல் எழுதிய எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. ஓர் ஏழு.