கப்பி நிற்கும் இடம்

சிறிய பாய்மரப் படகுகளில் பயிற்சி கொடுப்பது என் வேலை. படகு மந்தமானதும் புதிய மாணவர்களின் கை நேராக முன்பாயின் பின் மூலையை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிற்றுக்குப் போகும். இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள், பிறகு இன்னும் கொஞ்சம். எவ்வளவு இழுக்கிறோம் என்பதைப் போலவே, எந்தத் திசையில் இழுக்கிறோம் என்பதும் முக்கியம். அந்தத் திசையைத் தீர்மானிப்பது, தளத்தில் அந்தக் கயிறு நுழைந்து வரும் கப்பி. அது எங்கே நிற்கிறது என்று யாரும் தாமாகக் குனிந்து பார்ப்பதில்லை.

கப்பியை முன்னால் நகர்த்தினால் கயிறு பாயின் பின் மூலையைக் கீழ்நோக்கி இழுக்கும். பின் விளிம்பு விறைத்துக்கொள்ளும். அடிப்பகுதி தளர்ந்து உப்பும். பின்னால் தள்ளினால் அடி விளிம்பு இழுபட்டுத் தட்டையாகும், பாயின் மேற்பகுதி வெளிப்புறமாகத் திரும்பிக் காற்றை வெளியேவிடும். கயிற்றின் கோட்டை மூலைக்கு அப்பாலும் மனத்தில் நீட்டிப் பாருங்கள். அது முன் விளிம்பின் நடுப்பகுதியை ஒட்டிச் சென்றால் தொடங்குவதற்கு அது போதும். மீதியைத் தண்ணீரில்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு உதவுபவை, முன் விளிம்புக்குச் சற்றுப் பின்னே மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில் பாயின் இருபுறமும் ஒட்டியிருக்கும் கம்பளி நூல்கள். காற்று வரும் திசையை நெருங்கி ஓடும்போது சுக்கானை மெல்லத் திருப்பிப் படகைக் காற்றுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோகச் சொல்வேன். அப்போது காற்றடிக்கும் பக்கத்து நூல்களை மட்டும் கவனிக்க வேண்டும்.

"மேல் நூல்தான் முதலில் துடிக்கிறது, சார்."

"அப்படியானால் கப்பி?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "முன்னால் வர வேண்டும்" என்றாள் அந்தப் பெண். மேற்பகுதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்பதை நூலே அவளுக்குச் சொல்லிவிட்டது. கீழ் நூல் முதலில் துடித்திருந்தால் கப்பியைப் பின்னால் தள்ள வேண்டும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகத் துடித்தால் இடம் சரி. பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் இதுதான். நான் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லாமல் போகிறது.

இறுகிய கயிற்றில் கப்பியை நகர்த்த யாரையும் நான் விடுவதில்லை. கப்பியைத் தடத்தின் துளையில் நிறுத்தும் முளை சட்டென்று விடுபட்டால் விரல் நசுங்கும். படகின் இருபுறமும் ஒவ்வொரு கப்பி உண்டு. கயிறு தளர்ந்திருக்கும் மறுபக்கத்துக் கப்பியை முதலில் மாற்றி, படகைத் திருப்பிய பிறகு இந்தப் பக்கத்தையும் அதே துளைக்குக் கொண்டுவர வேண்டும்.

காற்று வலுத்துப் படகு அதிகம் சாய்ந்தால் கப்பியை ஒரு துளை பின்னால் தள்ளுவோம். பாயின் உச்சி காற்றை விட்டுவிடும், படகு நிமிரும். குட்டையான அலைகள் முகப்பில் மோதி வேகத்தைத் தின்றால் சற்று முன்னால் கொண்டுவருவோம். அடிப்பகுதி உப்பினால் அலையைத் தாண்டும் வலு கிடைக்கும்.

பக்கவாட்டு இடத்தைச் சிலர் மறந்துவிடுகிறார்கள். கப்பி படகின் நடுக்கோட்டை நெருங்கினால் காற்றுக்கு நெருக்கமாக ஓடலாம். மிகவும் நெருங்கினால் முன்பாயிலிருந்து வரும் காற்று பெரிய பாயின் முன்பகுதியை உள்நோக்கி அமுக்கும். பக்கக் காற்றில் ஓடும்போது கயிற்றைத் தளர்த்தியதும் பாயின் மேற்பகுதி வீணாகத் திறந்துகொள்ளும். அப்போது கப்பி முன்னாலும் வெளிப்புறமாகவும் போக வேண்டும். வெளியே தடம் இல்லாத படகில், இன்னொரு கயிற்றால் ஷீட்டை விளிம்புப் பக்கம் இழுத்துக் கட்டினால் அதே பலன் கிடைக்கும்.