அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது?

பினாங்கில் படகு எடுத்து மீன் பிடிக்கப் போகிறவர்கள், படகுக்காரர் அனுப்பும் வானிலை ஸ்கிரீன்ஷாட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். எரிச்சலோடுதான் எழுதுகிறேன்.

படகு பேசியது, இரை வாங்கியது எல்லாம் சுலபமாக முடிந்தது. ஜூலை மாதம் என்பதால் காற்றை நினைத்துத்தான் கவலை. கேட்டதும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அதில் காற்றைக் காட்டும் அம்புக்குறி வலது மேல் மூலையைப் பார்த்து நின்றது. "காத்து வடகிழக்குல இருந்து வருதுண்ணே. தெலுக் கும்பார் பக்கம் கடல் தட்டையா இருக்கும், வாங்க" என்றார். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதத்தில் வடகிழக்குக் காற்றா என்று கேட்டேன். "ஆப்புல அப்படித்தானே காட்டுது?"

மச்சானை எழுப்பிக்கொண்டு, தீவின் தென்கரையில் இருக்கும் தெலுக் கும்பாருக்கு விடியும் முன்பே போய்ச் சேர்ந்தால், கரையோரம் கட்டியிருந்த சம்பான்கள் ஒன்றோடொன்று முட்டி இடித்துக்கொண்டிருக்கின்றன. அலை நேராகத் தெற்கிலிருந்து ஏறி வருகிறது. படகு கிளம்பவில்லை. முன்பணம்? "வெதருக்கு நாங்க என்ன பண்றது?"

விஷயம் இதுதான். வானிலைக்காரர்கள் காற்றுக்குப் பெயர் வைப்பது அது வரும் திசையை வைத்து. அம்புக்குறிக்கு அப்படி ஒரே விதி கிடையாது. சில தளங்கள் காற்று போகும் பக்கம் அம்பை நீட்டுகின்றன, சில வரும் பக்கம். அதே தென்மேற்குக் காற்று ஒன்றில் வலது மேலே பார்க்கும், இன்னொன்றில் இடது கீழே. எது எப்படி என்று பல தளங்களில் ஒரு வரி விளக்கம்கூட இருக்காது.

அதனால் அம்பை விட்டுவிட்டு, காற்று வரும் திசையை டிகிரியில் சொல்லும் எண்ணைத் தேடுங்கள். 90 என்றால் கிழக்கிலிருந்து, 180 தெற்கிலிருந்து, 270 மேற்கிலிருந்து. 225 என்று இருந்தால் தென்மேற்கு, சந்தேகமே வேண்டாம். எண்ணும் இல்லையா? பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் வெளியிடும் மெட்டார் (METAR) என்ற வானிலை அறிக்கையைத் திறங்கள். டபிள்யூஎம்கேபி (WMKP) என்ற விமான நிலையக் குறியீட்டைத் தேடினால் வரும். அதில் 23010கேடி (23010KT) என்றிருந்தால், 230 டிகிரியிலிருந்து 10 நாட் வேகத்தில் காற்று, அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர். அதே நேரத்துக்கு உங்கள் தளத்தின் அம்பு எங்கே பார்க்கிறது என்று ஒப்பிட்டால் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும்.

வாலில் இறகு வைத்த குறி வேறு ரகம். இறகு இருக்கும் முனைதான் காற்று வரும் பக்கம். இறகில் ஒரு முழுக் கோடு 10 நாட், அரைக் கோடு 5. முக்கோணம் 50. அதைப் பார்த்தால் வீட்டிலேயே இருங்கள்.

அடுத்த முறை வேறு ஆளைப் பிடித்தோம். மெட்டார் தென்மேற்கு என்றது, அதனால் மலை மறைக்கும் வடகரைப் பக்கம், தெலுக் பஹாங். கடல் படுத்துக் கிடந்தது. மச்சானுக்கு ஒரு நல்ல கெராப்பு மீன் மாட்டியது, வாய் மூடவில்லை மனிதர்.

ஒன்று மட்டும். இந்த மாதங்களில் சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் சூறைக்காற்று திடீரென்று வந்து அடிக்கும். அந்த வேகம் மணிக்கு ஒன்றாகப் போட்ட அம்புகளில் பெரும்பாலும் தெரியாது. கிளம்பும் முன் வானிலைத் துறையின் ரேடார் படத்தையும் இடிமழை எச்சரிக்கையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.