கம்பஸ் கிடைத்த பிள்ளைக்கு முதல் ஆறு மாதம்

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கிடைத்தால் பொன்னாடை, மாலை, கோயில் பூசை எல்லாம் ஒரே வாரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. காசு தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணமில்லை. மகாபொல, பர்சரி என்ற மாதாந்த உதவித்தொகைகளும் உண்டு. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலவை 5000 ரூபாயிலிருந்து 7500 ஆக உயர்த்தினார்கள். ஆனால் விண்ணப்பம் போய், குடும்ப வருமானம் சரிபார்த்து, பட்டியல் வந்து, முதல் தவணை கைக்குக் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது, பிள்ளை ஒருவேளைச் சாப்பாட்டை விடுகிறது. தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து கல்வி நிதி தொடங்கினால் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான். நாலு வருடச் செலவையும் ஏற்கிறோம் என்று கிளம்பும் நிதி இரண்டாம் வருடத்திலேயே தள்ளாடும்.

சீட்டுப் பிடிப்பதும் மரண உதவிச் சங்கத்துக்குச் சந்தா சேர்ப்பதும் நம் பெண்களுக்குப் புதிதில்லை. எந்த லயத்தில், அதாவது எந்தத் தொழிலாளர் வரிசைவீட்டில், யாருக்கு என்ன கஷ்டம் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். 60 பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் மாதம் 12,000, வருடம் 144,000. 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தோடு பார்த்தால் 200 என்பது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு பிள்ளைக்கு மாதம் 6000 வீதம் ஆறு மாதத்துக்கு 36,000. கணக்குப்படி நாலு பேருக்குக் கொடுக்கலாம். மூன்று பேரோடு நிறுத்துங்கள். மிச்சம் 36,000 ஆவணச் செலவுக்கும் முதல் வாரச் செலவுக்கும் வேண்டும்.

காசைச் சம்பள நாளன்று மாலையே சேர்த்துவிட வேண்டும், இரண்டு நாள் போனால் கடைக்கணக்குக்குப் போய்விடும். செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பிடித்துத் தரும்படி தோட்ட அலுவலகத்திடம் கேட்காதீர்கள். சுலபம்தான், ஆனால் நிதியின் கடிவாளம் அலுவலகத்துக்குப் போய்விடும். வங்கிக் கணக்கு மூன்று பெண்களின் பெயரில் இருக்கட்டும், காசெடுக்க இருவரின் கையெழுத்து வேண்டும். மூவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. கணக்குத் திறக்கப் போகும்போது நிதிச் சங்கத்தின் யாப்பு (விதிமுறைகள்), கணக்குத் திறக்க முடிவெடுத்த கூட்டத்தின் அறிக்கை, மூவரின் அடையாள அட்டை எல்லாம் கையில் இருக்கட்டும். குழுவில் ஆசிரியைகள் மட்டும் போதாது, பாதிப்பேராவது மலையில் கொழுந்தெடுப்பவர்களாக இருக்க வேண்டும். கூட்டத்தில் வாய் திறந்து பேசுபவர் ஆசிரியை என்பதற்காக முடிவும் அவருடையதாகிவிடக் கூடாது. தலவர்மார் (தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்கள்) ஆலோசனை சொல்லட்டும், கையெழுத்துப் பெண்களுடையதாக இருக்கட்டும்.

நிதியின் முதல் செலவு பெறுபேறு வருவதற்கு முன்பே, உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு தொடங்க வேண்டும். காரணம் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொன்று, பெறுபேற்றுத் தாளில் முதலெழுத்தே மாறியிருக்கும். சிங்களத்தில் பதிந்த தமிழ்ப் பெயரில் இது அடிக்கடி நடப்பதுதான். பல்கலைக்கழகப் பதிவு நாளில் இது பிடிபட்டால் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுத்துச் சமாளிக்கலாம், எல்லா இடத்திலும் ஏற்கமாட்டார்கள். பிறப்புப் பதிவாளர் வழியாகத் திருத்துவதே உறுதி, அதற்கு நாளாகும். சான்றிதழ்களை ஒரு மேசையில் வரிசையாக விரித்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அப்பா அம்மா பெயரையும் சேர்த்து.

அடுத்தது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பம். நுவரெலியா, பதுளை இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் அந்த 5 சதவீத இடங்களுக்கும் நம் பிள்ளைகள் போட்டியிடலாம். பலர் வாய்ப்பிழப்பது யூனிகோட்களை, அதாவது எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடநெறி என்பதைக் குறிக்கும் குறியீடுகளை, விருப்ப வரிசைப்படுத்தும்போதுதான். நிரப்பிய வரிசைப்படியே தெரிவு நடக்கும். பிடித்த துறையைக் கீழே தள்ளிவிட்டு, இதுதான் கிடைக்கும் என்று நினைத்ததை மேலே போட்டால் அதுவே கிடைத்துவிடும். ஏற்கெனவே கம்பஸ் போன ஒரு அக்காவைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைத்து நிரப்பச் சொல்லுங்கள்.

முதல் வாரச் சாமான்களில் மறந்துபோவது கொசுவலை. மேல்தோட்டக் குளிரில் வளர்ந்த பிள்ளைக்கு அது தேவைப்பட்டதே இல்லை, பல்கலைக்கழகம் இருக்கும் பேராதனை அப்படியல்ல. கம்பளிக்குக் கொடுக்கும் காசில் கொசுவலையும் பூட்டும் வாளியும் வாங்கலாம். மடிக்கணினியை உடனே வாங்க வேண்டாம். முதல் அரையாண்டு போனால் அந்தப் பீடத்துக்கு எது போதும் என்று தெரியும், படித்து முடித்த சீனியரிடம் பழையதும் கிடைக்கும். ஆங்கில வகுப்புக்கு மட்டும் தாமதிக்காதீர்கள். தமிழ் மொழிமூலம் படித்து விஞ்ஞான, பொறியியல் பீடங்களுக்குப் போகும் பிள்ளை முதல் மாதத்திலேயே தடுமாறுவது பாடத்தில் அல்ல, விரிவுரை நடக்கும் மொழியில்.

காசு பிள்ளையின் சொந்தக் கணக்குக்கு மாதாமாதம் போக வேண்டும். மொத்தமாகக் கொடுத்தால் வீட்டுக் கடனுக்குப் போய்விடும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. மேடையில் கூப்பிட்டு உறையைக் கையில் திணித்து, படமெடுத்து முகநூலில் போடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் உண்மையிலேயே கஷ்டப்படும் பிள்ளை கேட்காமலே இருந்துவிடும்.

விடுமுறையில் வந்து உயர்தரப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும்படி கேட்கலாம், நிபந்தனையாக்க வேண்டாம். மகாபொல வந்த மாதம் உதவி நிற்கும் என்பதை மட்டும் முதல் நாளே எழுதி, பிள்ளையிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.