திருட்டுப் போன பைக் கோர்ட் வழியாக வீடு வந்த கதை

மார்க்கெட் பக்கம் நிறுத்தியிருந்த அப்பாவின் ஸ்ப்ளெண்டர் திருட்டுப் போய்விட்டது. புகார் அப்பா பெயரில்தான், அலைச்சல் எல்லாம் என்னுடையது. இதில் ஒன்று நன்றாகப் புரிந்தது. வழக்கை நடத்துவது நாம் இல்லை, அரசு. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நாம் கேட்டு வாங்க வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதிக் கஷ்டம் குறையும்.

ஸ்டேஷனில் ரைட்டர் புகாரை வாங்கிக்கொண்டு சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார். "தேடிப் பார்ப்போம், கிடைக்கலன்னா எஃப்ஐஆர் போட்டுக்கலாம்" என்றார். சிஎஸ்ஆர் என்பது புகார் வந்ததற்கான பதிவு, அவ்வளவுதான். எஃப்ஐஆர், அதாவது முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அது வழக்கு. இன்சூரன்ஸ் கேட்பதும் அதைத்தான். 5,000 ரூபாய்க்குக் குறையாத பொருள் திருடப்பட்டால், பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் அது. அப்படிப்பட்ட புகாருக்கு எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இப்போதைய சட்டத்தில், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். காலவரையில்லாமல் சிஎஸ்ஆரிலேயே நிறுத்தி வைக்க முடியாது. இதை இன்ஸ்பெக்டரிடம் பணிவாக, ஆனால் விடாமல் எடுத்துச் சொன்னோம். எஃப்ஐஆர் போட்டார்கள். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் புகாரை எஸ்பிக்குத் தபாலில் அனுப்பலாம், அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

எஃப்ஐஆரில் பிஎன்எஸ் 303(2) என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஆனாலும் ஸ்டேஷனில் எல்லோரும் ஐபிசியின் பழைய பிரிவு எண்ணான 379 என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் திருட்டுதான், குழம்ப வேண்டாம்.

அப்புறம் பக்கத்து மாவட்டத்தில் வாகனச் சோதனையில் ஒரு பையன் பைக்கோடு பிடிபட்டான். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போயின. சாட்சிகளின் கையெழுத்தோடு மகஜர், அதாவது கைப்பற்றியதற்கான ஆவணம் எழுதிப் பைக்கைக் கைப்பற்றினார்கள். அவனை மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜர்படுத்தி ரிமாண்ட் செய்தார்கள், கொஞ்ச நாளில் ஜாமீனும் கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் கோபம். நான் எடுத்துச் சொன்னேன்: ஜாமீன் விடுதலை இல்லை, வழக்கு அப்படியே இருக்கிறது. குற்றம் நிரூபணமாகும் வரை அவன் குற்றவாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவன் மட்டும்தான். திருட்டு வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் அவனுடைய உரிமையாகவே ஆகிவிடும். பொருளைப் பறிகொடுத்தவருக்கு இது கசக்கும். ஆனாலும் இது இருக்க வேண்டிய ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன். நாளைக்குத் தவறான ஆளைப் பிடித்து உள்ளே வைத்தால், அவனுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு இதுதான்.

பைக் கிடைத்துவிட்டது, ஆனால் கைக்கு வரவில்லை. கைப்பற்றிய பொருள் கோர்ட்டின் பொறுப்பில் இருக்கும். பெரும்பாலும் கோர்ட் உத்தரவு இல்லாமல் ஸ்டேஷனில் சாவியை எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். வெயிலிலும் மழையிலும் துருப்பிடித்து, செடி முளைத்துக் கிடக்கும் வண்டிகளை எந்த ஸ்டேஷன் வாசலிலும் பார்க்கலாம். அவற்றில் எத்தனையோ யாரோ ஒருவருடைய பிழைப்பு. வண்டிகளை இப்படிப் போட்டு வைக்கக் கூடாது, போட்டோ எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு சீக்கிரம் திருப்பிக் கொடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் சொல்லிவிட்டது. குற்ற வழக்குகளின் நடைமுறையைச் சொல்லும் புதிய பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 497-வது பிரிவும் அப்படித்தான்: 14 நாளுக்குள் பொருளின் விவரப் பட்டியல், போட்டோ அல்லது வீடியோ, அதிலிருந்து 30 நாளுக்குள் பொருளை என்ன செய்வது என்று உத்தரவு. ஆனால் நாம் மனு போடாமல் இது தானாக நகரும் என்று காத்திருக்க வேண்டாம்.

வக்கீல் வைத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டோம். ஆர்சி புக், இன்சூரன்ஸ், எஃப்ஐஆர் நகல், அப்பாவின் ஆதார் இணைத்தோம். அரசு வக்கீலிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்கள். இரண்டு வாய்தா தள்ளிப்போய் உத்தரவு வந்தது. விற்கக் கூடாது, நிறம் மாற்றக் கூடாது, கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை. பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து, உத்தரவு நகலை ஸ்டேஷனில் காட்டிப் பைக்கை எடுத்தோம். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே இலவச உதவி உண்டு.

இப்போது குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்குக்கு எண் கிடைத்துவிட்டது. இ-கோர்ட்ஸ் செயலியில் சிஎன்ஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தேதி தெரிகிறது. அப்பாதான் அரசுத் தரப்பு முதல் சாட்சி. சம்மன் வந்தால் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வார். சம்மன் கிடைத்தும் போகாமல் விட்டால் சாட்சிக்கும் வாரண்ட் வரலாம். பைக்கையும் கொண்டுவரச் சொன்னால் அன்றைக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.